அங்கே இருந்தவன் கேட்கட்டும்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆபீசில் ஆணி அதிகம். இந்தத் தடவை பிடுங்கிய ஆணியே ஒரு பதிவுக்கு விஷயம் கொடுத்துவிட்டது, அதனால் வழக்கமான புலம்பல் கிடையாது :-)

நாங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது ஒரு வீடியோ கவுன்சலிங் மென்பொருள். க்ளையண்ட் அமெரிக்காவில். யாருக்கு என்றால், போருக்குப் போய்த் திரும்பி, அந்த நினைப்பிலிருந்து வெளியே வர முடியாமல் குடியிலோ மாத்திரையிலோ விழுந்துவிட்ட முன்னாள் சிப்பாய்களுக்கு. வீட்டிலிருந்தபடியே பேசலாம். ஸ்பெக்கில் மூன்று வகை ஆட்கள்: தெரபிஸ்ட், பேஷண்ட், அப்புறம் 'பியர்'. (தமிழில் எழுதினால் பாட்டிலில் வருகிற பியரும் இதேதான். இந்த ப்ராஜெக்டில் அந்தக் குழப்பம் கொஞ்சம் விபரீதம்.) இந்த பியர், இன்னொரு முன்னாள் சிப்பாய். இவரும் குடித்து விழுந்து எழுந்தவர்தான். இப்போது மற்றவருக்குத் துணையாக உட்காருகிறார்.

அவருக்கு நான் கொடுத்த பர்மிஷன்: பார்க்கலாம், கேட்கலாம். மைக் மட்டும் தெரபிஸ்ட் திறந்துவிட்டால்தான் திறக்கும். டெஸ்டிங்கில் இருக்கும் பெண் பார்த்துவிட்டு, "அப்புறம் அந்த ஆள் அங்க எதுக்குங்க?" என்று கேட்டாள். "சப்போர்ட்டுக்கு" என்றேன். எனக்கே அது பதிலாகத் தெரியவில்லை. அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தவன், ஐம்பது வருஷத்துக்கும் மேல் பின்னால் போய் நின்றேன். கொசுவர்த்தியைச் சுத்திவிடுகிறேன், வாங்க.

1969 செப்டம்பர். பாஸ்டன் நகரில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி. சாரா ஹேலி என்ற சமூகப் பணியாளருக்கு வேலையில் முதல் நாள். வியட்நாமிலிருந்து திரும்பிய ஒருவர் வருகிறார். மை லாய் என்கிற கிராமத்தில் தன் கம்பெனி ஆட்கள் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றதைச் சொல்கிறார். தான் சுடவில்லை என்கிறார். வெளியே சொன்னால் கூட இருந்தவர்களே தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று நடுங்குகிறார். மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். முடிவு: மனச்சிதைவு, இல்லாததை எல்லாம் நம்புகிறார். ஹேலி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்தவர். போரில் என்னவெல்லாம் நடக்கும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர் அவர்.

இரண்டே மாதம். நவம்பரில் சீமோர் ஹெர்ஷ் என்ற பத்திரிகையாளர் மை லாய் கதையை வெளியே கொண்டுவந்தார். 1968 மார்ச் 16 அன்று அந்தக் கிராமத்தில் நடந்த படுகொலை உலகத்துக்கே தெரிந்தது. பைத்தியம் என்று எழுதப்பட்டவர் சொன்னது உண்மை.

அந்த டாக்டர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் கையிலிருந்த புத்தகம் அப்படி. மனநோய்களுக்குப் பெயர் வைத்துப் பட்டியல் போடும் டிஎஸ்எம் என்கிற கையேட்டின் முதல் பதிப்பில், 1952-இல், கடும் அதிர்ச்சியால் வரும் பாதிப்புக்கு ஒரு பெயர் இருந்தது. 1968-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். எந்த வருஷம் பாருங்கள், வியட்நாமில் சண்டை உச்சத்தில் இருந்த வருஷம். நம்ம பொட்டி தட்டும் பாஷையில் சொன்னால், லிஸ்டில் எரர் கோட் இல்லை. வேறு ஏதோ ஒரு கோடில் போட்டு டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

இன்னொரு விஷயம், அவர்கள் வீட்டுக்குத் திரும்பிய விதம். வியட்நாமுக்குப் போனவர்கள் சுமார் 27 லட்சம் பேர். ஆளுக்கு 12 மாதம், மரைன்களுக்கு 13. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தேதி. அவனவன் தேதி வந்ததும் படையைவிட்டுப் பிரிந்து விமானம் ஏற வேண்டியதுதான். இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர்கள் பெரும்பாலும் கும்பலாகக் கப்பலில் வந்தார்கள். பல நாள் பயணம், ஒன்றாகச் சாப்பாடு, ஒன்றாகச் சீட்டாட்டம், ஒன்றாகப் புலம்பல். இவனோ நேற்று சேற்றில் கிடந்தான், நாளை மறுநாள் அம்மா வீட்டு சோபாவில். நடுவில் பேசுவதற்கு ஒரு ஆள் கிடையாது. அந்தக் கப்பலும் ஒருவகை வைத்தியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. விமானம் அதை இல்லாமல் ஆக்கிவிட்டது.

1970 டிசம்பரில் நியூயார்க்கில் அந்தக் கப்பலைத் தாங்களே கட்ட ஆரம்பித்தார்கள். 1967-இல் தொடங்கிய 'போருக்கு எதிரான வியட்நாம் வீரர்கள்' சங்கத்தின் ஆபீசில் வாராவாரம் உட்கார்ந்து பேசுவது என்று முடிவு. பெயர் ராப் க்ரூப். பாட்டு இல்லைங்க, அந்தக் காலத்துப் பேச்சுவழக்கில் ராப் என்றால் மனம்விட்டுப் பேசுவது. கூட இருக்க இரண்டு மனநல நிபுணர்களைக் கூப்பிட்டார்கள்: ராபர்ட் ஜே லிஃப்டன், சைம் ஷாடன். லிஃப்டன் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களோடு பேசிப் புத்தகம் எழுதியவர்.

இதில் கவனிக்க வேண்டியது, யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது. டாக்டர் க்ளினிக் திறந்து நோயாளிகள் வந்து வரிசையில் நிற்கவில்லை. பேச்சை ஆரம்பித்தவர்கள் சிப்பாய்கள், டாக்டர்கள் விருந்தாளிகள். ஃபீஸ் இல்லை. இரண்டு மணி நேரம் என்று ஆரம்பித்தது மூன்று, நான்கு என்று இழுத்துக்கொண்டு போகும். டாக்டர் சும்மா தலையாட்டிக்கொண்டு உட்கார முடியாது, 'நீ எதற்கு இங்கே வந்திருக்கிறாய், உனக்கு இதில் என்ன கிடைக்கிறது' என்று அவரையே கேட்பார்கள். பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். பிற்பாடு லிஃப்டன் இதிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துச் சொன்னார். ஒரே அனுபவம் உள்ளவர்கள் சேர வேண்டும். அங்கே முழுசாக இருக்க வேண்டும். உதவி தேவைப்படுகிறவர்களே அதை ஆரம்பித்து, எப்படி நடக்க வேண்டும் என்றும் அவர்களே தீர்மானிக்க வேண்டும். இந்த மூன்றாவதைப் படித்தபோதுதான் என் ம்யூட் பட்டன் ஞாபகம் வந்து லேசாகக் கூச்சமாக இருந்தது.

குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். போரை எதிர்த்த சங்கத்தின் ஆபீசில் நடந்ததால், போர் சரிதான் என்று நினைத்தவன் அந்தப் படியை எப்படி ஏறுவான்? அவனுக்கும் ராத்திரியில் தூக்கம் வந்திருக்காது.

இதே சமயத்தில் தனியாக விடப்பட்டவனின் கதை ஒன்று. ட்வைட் ஜான்சன், டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பின இளைஞர், டாங்க் ஓட்டியவர். 1968 ஜனவரியில் டாக் டோ பக்கம் நடந்த சண்டையில், முந்தைய நாள்வரை தான் இருந்த டாங்க்கும் அதிலிருந்த நண்பர்களும் தீப்பிடித்து எரிவதைப் பார்க்கிறார். ஒருவரை மட்டும் வெளியே இழுக்க முடிந்தது. பிறகு அவர் சண்டை போட்ட விதத்துக்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம், ஜனாதிபதி ஜான்சன் கையால். ராணுவம் அவரை ஆள்சேர்ப்புக்கு மேடை மேடையாக ஏற்றியது. கடன் ஏறியது, நிகழ்ச்சிகளுக்குப் போகாமல் இருக்க ஆரம்பித்தார், ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பாதியில் வந்துவிட்டார். 1971 ஏப்ரல் 30 அன்று டெட்ராய்டில் ஒரு மளிகைக் கடையைக் கொள்ளையடிக்கப் போய்க் கடைக்காரரால் சுடப்பட்டுச் செத்தார். வயசு 23. என்னைவிடச் சின்னப் பையன்.

அடுத்த வருஷம் மே 6 அன்று ஷாடன் நியூயார்க் டைம்ஸில் 'வியட்நாமுக்குப் பிந்தைய சிண்ட்ரோம்' பற்றி எழுதினார். ராப் க்ரூப்பில் கேட்டதைத்தான் எழுதினார்: குற்ற உணர்ச்சி, கோபம், மரத்துப்போன மனசு, யாரிடமும் ஒட்ட முடியாமை. அவர், லிஃப்டன், ஹேலி, ராப் க்ரூப்பிலிருந்தே வந்த ஜேக் ஸ்மித் எல்லாரும் சேர்ந்து பல வருஷம் போராடி, 1980-இல் டிஎஸ்எம் மூன்றாம் பதிப்பில் பிடிஎஸ்டி என்ற பெயரை ஏற்றினார்கள். ஆக, நோய்க்குப் பெயர் வருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே கூடி உட்காருவது வந்துவிட்டது. நான் தலைகீழாக நினைத்திருந்தேன்: முதலில் வைத்தியம், பிறகு அதற்கு ஒட்டாக இந்த பியர் சமாச்சாரம் என்று.

சரி, போதை எங்கே வந்தது? 1971 மே மாதம் இரண்டு அமெரிக்க எம்பிக்கள் வியட்நாம் போய்வந்து, அங்கிருக்கும் சிப்பாய்களில் 10 முதல் 15 சதவீதம் பேர் ஹெராயினுக்கு அடிமை என்று அறிக்கை கொடுத்தார்கள். நாடு பதறியது. ஜூனில் நிக்சன் போதைப் பழக்கத்தைப் பொது எதிரி நம்பர் ஒன் என்று அறிவித்தார். வீட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொருவனுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை. மாட்டினால் விமானம் ஏற முடியாது, சில நாள் தடுத்து வைத்துத் தெளிய வைத்துத்தான் அனுப்புவார்கள். அந்தத் திட்டத்தின் பட்டப்பெயர் 'தங்க ஓட்டம்'. மிலிட்டரி நகைச்சுவை!

திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து லீ ராபின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் பேட்டி எடுத்தார், சுமார் 900 பேர். முடிவுகளை அப்போது யாரும் நம்பவில்லை. வியட்நாமில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமையாக இருந்திருக்கிறார். ஆனால் அப்படி இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம்தான். மூன்று வருஷத்தில் 12 சதவீதம். அங்கே ஹெராயின் மலிவு, சுத்தம், சிகரெட்டில் வைத்துப் புகைக்கலாம், கூட இருப்பவனும் புகைக்கிறான். இங்கே விலை அதிகம், ஊசி போட வேண்டும், சுற்றி அம்மா, பெண்டாட்டி, வேலை. இடம் மாறியதும் பெரும்பாலானவர்களுக்குப் பிடி விட்டுவிட்டது.

இதைப் படித்து 'அவ்வளவுதானா, ஊர் மாத்தினா போதுமா' என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. ஹெராயின் அந்த ஊர்ச் சரக்கு. சாராயம் எந்த ஊரிலும் உண்டு. 1980களில் அரசே எடுத்த பெரிய ஆய்வில், வியட்நாம் போன ஆண்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பிடிஎஸ்டி இருந்திருக்கிறது. அவர்களில் சுமாராக நாலில் மூன்று பேருக்குக் குடிப் பிரச்சினையும் இருந்திருக்கிறது. ஒருவன் தூங்குவதற்காகக் குடித்தால், இடத்தை மாற்றி என்ன பயன்? கனவும் கூடவே வருமே.

குடிகாரனுக்கு இன்னொரு குடிகாரன்தான் மருந்து என்று கண்டுபிடித்தவரும் ஒரு முன்னாள் ராணுவ ஆள் என்பது தற்செயலா தெரியாது. முதல் உலகப் போரில் லெஃப்டினன்டாக இருந்த பில் வில்சன், 1935-இல் வியாபார வேலையாக ஏக்ரன் நகரத்துக்குப் போன இடத்தில் குடிக்கத் துடித்தபோது, பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடினார். அவரைத் திருத்த இல்லை, தான் தப்பிக்க. கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அப்படிப் பிறந்தது. ஆனால் அதே அமெரிக்காவில் முன்னாள் வீரர் சங்கக் கட்டடங்கள் பலவற்றில் பார் உண்டு. அங்கே கூடுகிறவர்களும் சகாக்கள்தான். கூட இருந்தவன் குடிக்கவும் துணை, நிறுத்தவும் துணை. எதற்குத் துணை என்பது அங்கே பேச்சு நடக்கிறதா, பாட்டில் நடக்கிறதா என்பதைப் பொறுத்தது.

1979 ஜூனில் ஒரு சட்டம் வந்து 'வெட் சென்டர்'கள் திறந்தார்கள். முன்னாள் ராணுவத்தினர் துறைக்கு அப்போது தலைவர் மாக்ஸ் க்ளேலண்ட், வியட்நாமில் இரண்டு காலும் ஒரு கையும் இழந்தவர். ஆஸ்பத்திரிக்குள் வைக்காமல் தெருவோரக் கடைகளில் வைத்தார்கள், கவுன்சலர்களில் பலர் தாங்களே போருக்குப் போனவர்கள். அங்கே பேசுவது ஆஸ்பத்திரி ரெக்கார்டுக்குப் போகாது. இன்றைக்கு இப்படி சுமார் 300 இருக்கின்றன.

ஆனாலும் ரொம்ப காலம் ஒரு கொடுமை நடந்தது. மனக்காய வைத்தியத்துக்குப் போனால் 'முதலில் குடியை நிறுத்திவிட்டு வா'. குடியை நிறுத்தும் இடத்துக்குப் போனால் 'போர்க்கதை இங்கே வேண்டாம்'. குடியை நிறுத்தினால் கனவு வரும், கனவு வந்தால் குடி வரும். டெட்லாக் என்றால் நமக்குத் தெரியும், அதேதான். லிசா நஜாவிட்ஸ் 1990களில் உருவாக்கி 2002-இல் புத்தகமாகக் கொண்டுவந்த 'சீக்கிங் சேஃப்டி' மாதிரி முறைகள், இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் எடுத்தன.

இணையம் வந்த பிறகு நடந்தது வேகம். 2007-இல் முன்னாள் வீரர்களுக்கான நெருக்கடி உதவி எண், 2009-இல் அதிலேயே சாட், 2011-இல் எஸ்எம்எஸ். ஈராக், ஆப்கானிஸ்தான் போய்வந்தவர்களுக்கு 'வெட்சேஞ்ச்' என்று ஒரு இணைய முறை, குடியையும் பிடிஎஸ்டியையும் சேர்த்துப் பார்ப்பது. ஃபேஸ்புக் மூலம் 600 பேரைச் சேர்த்துச் சோதித்து 2013-இல் வெளியிட்ட முடிவில் இரண்டுமே குறைந்திருந்தன. 2012-இல் ஒபாமா உத்தரவு போட்டு 800 சகாக்களைச் சம்பளத்துக்கு எடுக்கச் சொன்னார். தானே விழுந்து எழுந்திருக்க வேண்டும் என்பது அந்த வேலைக்குத் தகுதி. எந்த ரெஸ்யூமேயிலும் இப்படி ஒரு வரி பார்த்ததில்லை.

வீடியோவால் ஒரு உண்மையான லாபம் உண்டு. நூறு மைல் சுற்றளவில் இன்னொரு சிப்பாய் இல்லாத ஊரில் இருப்பவனும் கும்பலில் உட்காரலாம். நஷ்டமும் உண்டு. ராப் க்ரூப்பில் எழுந்து போகிறவன் பின்னாலேயே படிவரைக்கும் ஒருத்தன் போகலாம். இங்கே சிவப்பு பட்டனை அமுக்கினால் முடிந்தது.

பியரின் மைக் இப்போது திறந்தே இருக்கிறது. கூடவே இன்னொரு மாற்றமும் எழுதி அனுப்பினேன்: தெரபிஸ்ட் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்பே பியரும் மற்றவர்களும் உள்ளே வந்து பேச ஆரம்பிக்கலாம். யாராவது சட்டென்று வெளியேறினால் பியரின் திரையில் ஒரு 'கால்' பட்டன் வரும். க்ளையண்டிடமிருந்து ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்தது: அந்தப் பத்து நிமிஷத்தில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? நியாயமான கேள்வி. திங்கட்கிழமை ராத்திரி எட்டரைக்கு கால் போட்டிருக்கிறார்கள்.