மீட்டர் முகத்தில் எண் பிறந்த கதை

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். கண்டி நகரின் மஹய்யாவவுக்கும் அதில் சலுகை இல்லை. ஃபிரிஜ் நின்றது, வைஃபை நின்றது, போனில் சார்ஜ் இறங்கியது. ஆனால் சில்லறைக் கடை மேசையில் கிடக்கும் கல்கியுலேட்டர், கையில் கட்டிய டிஜிட்டல் மணிக்கூடு, சீனி வருத்தக்காரர் விரலைக் குத்திப் பார்க்கும் சின்ன மெஷின், இவற்றுக்கெல்லாம் கரண்ட் வெட்டு ஒரு பொருட்டே அல்ல. எண்களைக் காட்டிக்கொண்டே இருப்பவை அவை. ஒரே நிபந்தனை, இருட்டில் பார்க்க வேண்டுமானால் மெழுகுவர்த்தியைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும்.

அவற்றின் முகத்தில் உள்ள சாம்பல் நிறக் கண்ணாடி, அதாவது திரவப் பளிங்குத் திரை (எல்.சி.டி.), வெளிச்சம் தருவதில்லை. வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை விடுவதா மறிப்பதா என்பது மட்டும்தான் அதன் வேலை. அதன் சிக்கனம் முழுக்க அங்கேதான் பிறக்கிறது.

இதற்கு முந்தியது சிவப்பு எல்.ஈ.டி. எண். 1972இல் அமெரிக்காவில் ஹமில்டன் கம்பெனி விற்ற ‘பல்சர்’ கைக்கடிகாரத்தில் நேரம் தெரிய பொத்தானை அமுக்க வேண்டும். கொஞ்ச நேரம் எரிந்து அணைந்துவிடும். தங்க உறை போட்ட அதன் விலை 2,100 டொலர். அவ்வளவு காசு கொடுத்தவன் ஒரு கை மணிக்கூட்டைப் பார்க்க மறு கையையும் தூக்க வேண்டியிருந்தது! காரணம் பற்றரி. எட்டு என்ற எண்ணுக்கு ஏழு கோடு. ஒரு கோட்டுக்கு 5 மில்லிஅம்பியர் என்று வைத்தால், நான்கு எட்டுகள் எரிய 140 மில்லிஅம்பியர். நம் ஊர்க் கடைகளில் விற்கும் CR2032 பட்டன் பற்றரியின் கொள்ளளவு சுமார் 220 மில்லிஅம்பியர்-மணி. கணக்குப்படி பார்த்தாலே ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது. திரவப் பளிங்கு எண் போட்ட மணிக்கூடு இரண்டு மைக்ரோஅம்பியரில் ஓடினால், அதே பற்றரி காகிதக் கணக்கில் 12 வருடம் தாண்டும்.

திரவப் பளிங்கைக் கண்டது 1888இல், பிராக் நகரில். கொலஸ்டெரோலை ஆராய்ந்த தாவரவியலாளர் பிரெட்ரிக் ரைனிற்சர், அதிலிருந்து எடுத்த ஒரு பொருள் இரண்டு தடவை உருகுவதைப் பார்த்தார். 145 பாகையில் கலங்கிய குழம்பு, 178 பாகையில் தெளிந்த திரவம். அந்தக் கலங்கிய நிலைதான் திரவப் பளிங்கு. அதற்குப் பிறகு 80 வருடம் அது ஆய்வுகூட விநோதமாகவே கிடந்தது. 1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் ஹெய்ல்மெயரின் குழு அதைக் கொண்டு எண் காட்டியது. ஆனால் அந்த முறைக்குக் கூடிய வோல்ட் வேண்டும், திரவத்துக்குள் மின்னோட்டமும் ஓட வேண்டும்.

நம் கைக்கு வந்து சேர்ந்த முறை 1970 டிசம்பர் 4ஆம் திகதி சுவிற்சர்லாந்தில் காப்புரிமைக்குப் பதிவானது. பாசல் நகரில் ஹொஃப்மன்-லா ரோஷ் என்ற மருந்துக் கம்பெனியில் வேலை செய்த மார்ட்டின் ஷாட், வொல்ப்காங் ஹெல்ஃப்ரிக் இருவருடையது அது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சில மைக்ரோமீற்றர் இடைவெளி. உள்பக்கப் பூச்சைத் துணியால் ஒரே திசையில் தேய்த்தால் மூலக்கூறுகள் தேய்த்த திசையிலேயே படுக்கும். மேல் கண்ணாடியையும் கீழ்க் கண்ணாடியையும் செங்குத்தான திசைகளில் தேய்த்துவிட்டால், நடுவில் உள்ளவை சுழல் படிக்கட்டுப் போலக் கால் வட்டம் திரும்பி நிற்கும். வெளிச்சமும் அதோடு திரும்பி, மறுபக்கத்தில் ஒரு திசை வெளிச்சத்தை மட்டும் விடும் முனைவாக்கித் தாளைத் தாண்டிப் போகும். இரண்டு வோல்ட் அளவு கொடுத்தால் மூலக்கூறுகள் எழும்பி நிற்கும், முறுக்குப் போய்விடும், வெளிச்சம் மாட்டிக்கொள்ளும். அந்த இடம் கறுப்பு. 1973இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிரே குழுவினர் அறை வெப்பத்தில் கெட்டுப்போகாத சேர்மங்களை வெளியிட்டார்கள். அதே வருடம் ஷார்ப் கல்கியுலேட்டரும் சீக்கோ மணிக்கூடும் திரவப் பளிங்கு எண்களோடு கடைக்கு வந்தன.

பெரும்பாலான புத்தகங்கள் கதையை இங்கே முடித்துவிடும். எனக்கு அது அரைக் கதை. கண்ணாடியைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது. அதை ஓட்டுவது எப்படி என்று கண்டவர்களைக் கேட்பார் இல்லை. கண்ணாடியை மட்டும் வாங்கிவந்து இரண்டு வயர் கொடுத்துப் பார்க்கிறவனுக்கு எண் வரும். கொஞ்ச நாளில் கோடு மங்கிக் கண்ணாடி வீணாகும். திரவத்தின் குறுக்கே ஒரே பக்கமாக மின் நின்றால் மின்பகுப்பு நடக்கும், கண்ணாடி மேலுள்ள மெல்லிய கடத்திப் பூச்சு அரிக்கும். நேரோட்டமே ஆகாது. அதனால் எண் அசையாமல் நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரியும்போதெல்லாம், பின்னால் மின் திசை செக்கனுக்குப் பல பத்துத் தடவை புரண்டுகொண்டே இருக்க வேண்டும். வேகம் 30 ஹேர்ட்ஸுக்குக் கீழே போனால் கண் சிமிட்டல் தெரியும். மிகக் கூட்டினால் செலவு ஏறும். ஒவ்வொரு கோடும் ஒரு சின்னக் கொள்ளளவி என்பதால் ஒவ்வொரு புரட்டலுக்கும் அதை நிரப்பி வெறுமையாக்க வேண்டும்.

அடுத்த தொல்லை கால்களின் எண்ணிக்கை. ஒரு எண்ணுக்கு ஏழு கோடு, ஒரு புள்ளி. எட்டு எண்ணுக்கு 64 வயர், பின்புறத்துக்குப் பொதுவாக இன்னொன்று. மெஷினை ஓட்டும் சில்லான மைக்ரோகொன்ட்ரோலருக்குப் பெரும்பாலும் அத்தனை கால் கிடையாது. பின்புறத்தை நான்கு ‘கொமன்’ ஆகப் பிரித்து, முறை வைத்து ஓட்டினால் 16 வயரும் நான்கு கொமனும் போதும். ஆனால் முறை வைத்தால், எரியக் கூடாத கோட்டுக்கும் கொஞ்சம் மின் கசியும். திரவப் பளிங்கு மெத்தனமானது. ஒவ்வொரு துடிப்பையும் அது கணக்கில் எடுக்காது, மொத்தத்தின் சராசரி வர்க்க மூலத்தைத்தான் எடுக்கும். 1974இல் பால் ஆல்ட், பீற்றர் பிளெஷ்கோ இருவரும் எழுதிய கட்டுரை இதற்கு எல்லை வகுத்தது. நான்கு கொமன் என்றால் எரியும் கோட்டுக்கும் எரியாத கோட்டுக்கும் உள்ள விகிதம் 1.73ஐத் தாண்டாது, அதை எட்ட மின்னை மூன்று படியாகப் பிரிக்க வேண்டும். மூன்று வோல்ட் கொடுத்தால் எரியாத கோட்டில் 1 வோல்ட், எரியும் கோட்டில் 1.73. இந்த முக்கால் வோல்ட்டுக்குள்தான் எட்டும் ஆறும் வேறுபடுகின்றன. கொமன் நூறானால் விகிதம் 1.1க்கு இறங்கிவிடும்.

அந்த நூறுகளின் சிக்கலில் கைவைத்தவர்களில் ஒருவர் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தின் டி. என். ருக்மாங்கதன். வரிசைகளை ஒவ்வொன்றாக அல்லாமல் பலவற்றைச் சேர்த்து ஓட்டும் முறைகளை 1980களில் வகுத்தார். அதே நிறுவனத்தில் சி. வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர் குழு 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் பளிங்கைக் கண்டது. ‘நம்மவர் கண்டதுதான் உங்கள் மணிக்கூட்டில்’ என்று எழுத ஆசைதான். ஆனால் மணிக்கூட்டில் இருப்பது கோல் வடிவ மூலக்கூறு, தட்டு அல்ல. நான்கு கொமனுக்கு ருக்மாங்கதனின் முறையும் தேவைப்படாது.

சிக்கனத்தின் கடைசிக் கட்டத்தை முடித்தது மைக்ரோகொன்ட்ரோலர். மின்னை மூன்று படியாக்க மூன்று தடையி போடுவது வழக்கம். ஒவ்வொன்றும் 100 கிலோஓம் என்றால் மூன்று வோல்ட்டில் 10 மைக்ரோஅம்பியர் சும்மா ஓடும். கண்ணாடி தின்பதைவிட தடையி தின்பது கூட! ஒரு மெகாஓம் போட்டு, பக்கத்தில் கொள்ளளவி வைத்தால் 1 மைக்ரோஅம்பியர். 1990களின் தொடக்கத்தில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கொண்டுவந்த எம்.எஸ்.பி.430 குடும்பத்தின் முதல் சில்லுகளில் கண்ணாடி ஓட்டும் பகுதி உள்ளேயே இருந்தது. கரண்ட், தண்ணீர், காஸ் மீட்டர்கள்தான் அவற்றின் இலக்கு. இந்தச் சில்லுகளின் தந்திரம் தூங்குவது. 32,768 ஹேர்ட்ஸில் துடிக்கும் குவார்ட்ஸ் பளிங்கு ஒன்று மட்டும் விழித்திருக்கும். அதை 512ஆல் வகுத்தால் 64 ஹேர்ட்ஸ், கண்ணாடியைப் புரட்ட அது போதும். பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக ஒரு செக்கன். அப்போது மூளைப் பகுதி எழும்பி, நினைவகத்தில் புது எண்ணை எழுதிவிட்டு மறுபடி படுத்துவிடும்.

மஹய்யாவவில் மாநகர சபைத் தொழிலாளர் குடியிருப்பானாலும் மாடி வீடானாலும் கரண்ட் பில் மீட்டரிலிருந்துதான் வருகிறது. சுழலும் தட்டு மீட்டர் இருந்த சுவர்களில் எண் காட்டும் மீட்டர்கள் வந்துகொண்டிருக்கின்றன. வீட்டுக் கட்டணம் 30, 60, 90 யூனிட் என்று படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரியும். பத்துகளின் இடத்து எட்டில் மேல் வலது கோடு செத்தால் அது ஆறு. வாசிப்பவர் 20 யூனிட் குறைத்து எழுதுவார். விடுபட்டது பின்னொரு மாதம் மொத்தமாக வந்து பில்லை அடுத்த படிக்குத் தள்ளும்.

எந்தக் கோடு போனது என்பதே வருத்தத்தைச் சொல்லும். எல்லா எண்ணிலும் ஒரே இடத்துக் கோடு இல்லையென்றால் ஒரு கொமன் தொடுப்பு விட்டிருக்கிறது. ஒரே எண்ணின் அரைப் பக்கம் இல்லையென்றால் ஒரு கோட்டு (செக்மென்ட்) வயர். கைக்கடிகாரத்தில் இப்படி வந்தால் பெரும்பாலும் கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் கறுப்பு வெள்ளை வரி ரப்பர் அழுக்குப் பட்டிருக்கும். திருத்துபவர் துடைத்து வைத்தால் எண் திரும்பும். மீட்டருக்கு அந்த வேலை கூடாது. முத்திரையை உடைத்தால் குற்றம்.

பல மீட்டர்களில் காட்சி மாறி மாறி வரும்போது ஒரு தடவை எல்லாக் கோடும் சேர்ந்து 888888 என்று நிற்கும். பலர் அதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள்; அது சோதனைக் காட்சி. உங்கள் மீட்டர் அதைக் காட்டினால் ஒவ்வொரு எட்டும் முழு எட்டா என்று பாருங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். கோடு குறைந்திருந்தால் அடுத்த பில் வரும்வரை காத்திருக்காமல் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.