ஊறவைத்த பட்டாணியில் ஒரு வீடு

ஐஸ் குச்சி, பசை, காய்ந்த கிளை... இவற்றை வைத்து வகுப்பறையில் பிள்ளைகள் குட்டி மரவீடு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இப்படிக் கைவேலை சொல்லிக்கொடுத்த பள்ளிகளை ஓர் அரசாங்கமே தடை செய்த கதை தெரியுமா?

ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் ஃபுரோபெல், சிறு வயதில் காட்டு அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகியவர். 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறுவர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். 1840-ல் அதற்கு அவர் வைத்த பெயர்தான் கிண்டர்கார்ட்டன். அதாவது, குழந்தைகளின் தோட்டம்.

அவர் வகுத்த கைவேலைகளில் ஒன்று பட்டாணி வேலை. ஊறவைத்த பட்டாணியில் கூரான குச்சிகளைச் செருக வேண்டும். பட்டாணி காயக் காய குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாற்காலி, வீடு எல்லாம் எழும்பும்! கை செய்வதை மனம் புரிந்துகொள்ளும் என்பது அவர் நம்பிக்கை.

1851-ல் பிரஷ்ய அரசு, நாத்திகமும் சோஷலிசமும் பரப்புவதாகச் சொல்லி கிண்டர்கார்ட்டன்களுக்குத் தடை போட்டது. அண்ணன் மகன் கார்லையும் இவரையும் ஒருவரென்று குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். மறு ஆண்டே ஃபுரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860-ல்தான்.

ஆனால் அதற்குள் அவரிடம் பாடம் கேட்ட பெண்கள் அந்தத் தோட்டத்தை லண்டனிலும் அமெரிக்காவிலும் நட்டுவிட்டார்கள். இன்று வகுப்பறையில் கோணலாக நிற்கும் ஒவ்வொரு குச்சி வீட்டுக்கும் அதில் ஒரு வேர் இருக்கிறது.