மூன்றிலொரு பங்கு விதியின் தோற்றம் பற்றிச் சில குறிப்புக்கள்

ஒளிப்படக் கலை பயில்வோர்க்கு முதலிற் புகட்டப்படுவது மூன்றிலொரு பங்கு விதியாகும். படச்சட்டத்தை நிலைக்குத்தாக இரு கோடுகளாலும் கிடையாக இரு கோடுகளாலும் பிரித்து, அவை வெட்டும் நான்கு புள்ளிகளுள் ஒன்றிலே முதன்மைப் பொருளை அமைக்குமாறு கூறுவர். இது கிரேக்கரின் பொற்பிரிவினின்றும் வழிவந்தது என்று கூறுவாரும் உளர். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று என்பதே எமது கருத்தாகும்.

விதியின் பெயர் 1797 இல் இலண்டனில் வெளிவந்த நூலொன்றிலே காணப்படுகின்றது. நாட்டுப்புறக் காட்சிகள் பற்றி யோன் தோமஸ் சிமித் என்னும் செதுக்கோவியர் எழுதிய அந்நூல், டகேயரின் ஒளிப்பட முறை உலகறிய அறிவிக்கப்பெற்ற 1839 ஆம் ஆண்டுக்கு 42 ஆண்டுகள் முற்பட்டது. ஒரே ஓவியத்திற் சமமான இரு ஒளிகள் இடம்பெறலாகாது என்ற சேர் யோசுவா றெனோல்ட்சின் கருத்தைத் தொடக்கமாகக் கொண்ட சிமித், அதனை நிலம், நீர், வான் ஆகியவற்றின் அளவுக்கும் விரித்தார். நிலமும் நீரும் சேர்ந்து ஒரு பங்கு, வானம் இரு பங்கு என்பது அவர் தரும் எடுத்துக்காட்டுக்களுள் ஒன்று. அவர் பேசியது பரப்பின் பங்கீடு பற்றியே. பொருளை வைக்கவேண்டிய புள்ளி பற்றியன்று. அந்நான்கு புள்ளிகளும் பிற்காலத்தார் சேர்த்தவை. அதிலும் அவர் 'ஏறக்குறைய' என்றே சொல்லிச் செல்கின்றார். இச்சொல்லைத்தான் பின்வந்தோர் மறந்தனர்.

பொற்பிரிவு ஒரு கோட்டை 0.382, 0.618 எனப் பிரிப்பது. மூன்றிலொரு பங்கோ 0.333. யூக்கிளிட்டு அதனைக் கேத்திரகணிதமாகவே கூறினார். அழகின் பொதுவிதி என்ற பெருமை அதற்குப் பரவலாக வாய்த்தது, செர்மானியரான சைசிங்கு 1854 இல் வெளியிட்ட நூலின் பின்னரேயாம். 35 மி.மீ. கமராவின் 36க்கு 24 என்ற சட்டத்திலும் பொற்பிரிவைத் தேடுதல் வீண். சினிமாச் சுருளின் 24க்கு 18 சட்டத்தை இரட்டித்தமையாற் பிறந்த அளவு அது, விகிதம் 1.5 மட்டுமே.

ஓவியரின் விதிகளை ஒளிப்படத்துக்கு விரிவாக வகுத்தளித்தவர் ஹென்றி பீச் றொபின்சன். அவரது நூல் 1869 இல் வெளிவந்தது. 1858 இல் ஐந்து எதிர்ப்படங்களை இணைத்து ஒரே படம் ஆக்கிய அவருக்கு, பொருள்களை வேண்டிய இடத்தில் அமைத்தல் அரிதன்று. இயற்கையை உள்ளவாறு காட்டவேண்டுமென வாதிட்ட எமேர்சன், 1889 இல் எழுதிய நூலில் அவ்விதிகளைக் கடுமையாக எதிர்த்தார். யூலியா மார்கரட் கமறோனின் படங்களையும் றொபின்சன் குறைகூறினார். தெளிவின்மையே அவர் கண்ட குற்றம். 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்த அவ்வம்மையார், சட்டம் நிறைய முகத்தையே வைத்தெடுத்த படங்கள் பல. அவற்றின் மீது எவரேனும் அந்நான்கு கோடுகளையும் இட்டுப் பார்ப்பாராக.