கள்ளத்தோணிச் சரித்திரம்

சட்டவிரோதமாகக் குடிபுகுந்தோருக்குப் பொது மன்னிப்பு அளிக்கலாமா, அவர்களால் நாட்டின் பொருளாதாரத்துக்கு நட்டமா இலாபமா என்னும் விவாதம் இன்று உலகின் பல நாடுகளில் நடைபெறுகின்றது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 27 இலட்சம் பேருக்கு நிரந்தர வாச உரிமை வழங்கியது. அது சரியா தவறா என்று அங்கே இன்னும் வாதாடுகின்றனர். எமது லிந்துலைக்கு இந்த விவாதம் புதிதன்று. ‘கள்ளத்தோணி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கி, இரண்டு தலைமுறைக் காலம் அது இங்கே நடந்தது. அப்போது யாரும் ஆறஅமரக் கேட்காத கேள்வி ஒன்றுண்டு: இம்மக்களைச் சட்டவிரோதமானவர்களாக்கியது கடலா, காகிதமா?

லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனைத் தோட்டங்களின் தொழிலாளர் திருட்டுத்தனமாக வந்தவரல்லர். கோப்பிக் காலத்தில் அவர்களுடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தனர்; நடையிலேயே மாண்டவர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவத்தில் மாத்திரம் ஆள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கக் கைகள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கினர். துரைமாரின் ஆள்சேர்ப்பு ஆணைக்குழு 1904இல் திருச்சிராப்பள்ளியில் அலுவலகம் திறந்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. மண்டபம் முகாமில் சுகாதாரச் சோதனை செய்து, எண்ணி, பதிந்து அனுப்பினர். அக்காலத்தில் தொழிலாளியைப் பற்றிய முக்கியமான பத்திரம் எது? இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவனை விடுவிக்கலாம் என்று துரை எழுதிய ‘துண்டு’! அந்த முறை ஒழிந்தது 1921இல்தான்.

இத்தகைய மக்களிடம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இங்கே பிறந்தவனாயினும் தன் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று நிரூபிக்க வேண்டும். அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்று காட்ட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பிறப்புப் பதிவே கட்டாயமாக இல்லாத நாட்டில் இந்தக் கேள்வி! காரணம் ஒளிவுமறைவானதன்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. தலவாக்கலைத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் பறிபோயின.

1949இன் மூன்றாம் இலக்கச் சட்டம் ஒரு கதவைத் திறப்பதுபோல் தோன்றியது. மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் 1946ஆம் ஆண்டுக்கு முன் இடையறாது இங்கே வசித்ததை நிரூபித்தால் விண்ணப்பிக்கலாம். தாயின் சாவுக்கோ தங்கையின் திருமணத்துக்கோ ஊர் போனவன் ஓராண்டுக்குமேல் தங்கிவிட்டால் வாசம் அறுந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1,34,000 பேர்.

கள்ளத்தனமாகத் தோணியேறி வந்தவர் எவருமே இல்லையென்று நாம் வாதிடவில்லை. 1939இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இங்கு வருவதைத் தடைசெய்தது. 1948இன் குடிவரவுச் சட்டம் விசாவைக் கொணர்ந்தது. அதுவரை வீட்டுத் திண்ணைபோல் இருந்த பாக்குநீரிணை எல்லையாயிற்று. வேலை தேடியவரும் குடும்பத்தைத் தேடியவரும் இரவில் கடல் கடந்ததுண்டு. ஆனால் சில தோணிகளின் பெயர் ஒரு சமூகம் முழுவதற்கும் சூட்டப்பட்டதே, அதுதான் அநியாயம். 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்த உடன்படிக்கையைப் பாருங்கள்: பதிவேட்டில் பெயரில்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாயின், அவர் இந்தியாவிலிருந்து கள்ளத்தனமாக வந்தவர் என்றே கொள்ளப்படுவார்! பேசும் மொழியே குற்றத்துக்குச் சாட்சி.

பொருளாதார வாதத்துக்கு வருவோம். வந்தவர்கள் உள்நாட்டானின் பிழைப்பைப் பறித்தனர், சம்பாதித்ததை இந்தியாவுக்கு அனுப்பினர் என்பது கொழும்பு மேடைகளின் ஓயாத குற்றச்சாட்டு. கண்டிச் சிங்களக் குடியானவனின் குறை பொய்யன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம் அவனுடைய சேனைக்காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் அரசுடைமையாக்கித் துரைமாருக்கு விற்க வழிசெய்தது. நிலத்தை எடுத்தவன் துரை. ஆத்திரம் திரும்பியதோ அந்நிலத்தில் கூலிக்கு நின்றவன்மேல். லண்டன் கம்பெனிகளின் தோட்டங்கள் 1975வரை அவற்றிடமே இருந்தன. அவற்றின் பங்குதாரர் எவரிடமும் பூட்டனின் பிறப்புப் பத்திரம் கேட்கப்படவில்லை. இலாபம் ஏறிச் சென்ற கப்பலை எவரும் கள்ளக்கப்பல் என்றதுமில்லை.

1950களில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் தேயிலை தந்தது. நாட்டுக்கு அரிசி வாங்கிய பணம் அது. பாடசாலையும் ஆஸ்பத்திரியும் கட்டிய வரி அது. லயத்துப் பிள்ளையோ தோட்டப் பள்ளிக்கூடத்தின் கீழ்வகுப்புகளைத் தாண்டவில்லை. நாடற்ற நிலையின் பொருளாதாரப் பயனும் இங்கேதான் விளங்குகின்றது. நாடற்றவனுக்கு அரசாங்க உத்தியோகமில்லை, குடியேற்றத் திட்டத்தில் காணியில்லை, வாக்குமில்லை. பிரட்டுக்களத்தை விட்டால் அவன் போக்கிடம் எது? மலிவான உழைப்பு ஓடிவிடாமல் இருக்க அன்று துண்டு செய்த வேலையைப் பின்னர் பிரஜாவுரிமைச் சட்டம் செய்தது. அமெரிக்காவில் 1986இல் உரிமை பெற்றோரின் சம்பளம் பின்னர் ஓரளவு உயர்ந்ததாக அங்குள்ள ஆய்வுகள் கூறுவதும் இதே உண்மையின் மறுபக்கமே.

1948இல் இடதுசாரிகள் இச்சட்டத்தை எதிர்த்து நின்றது அவர்களுடைய பெருமை. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் திகதி, 9,75,000 மனிதரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். லயத்தில் எவரையும் கேட்கவில்லை. அரசாங்கத்துக்குள் இருந்த இடதுசாரிகள் இதைத் தடுக்கவுமில்லை, வெளியேறவுமில்லை. வர்க்க ஒற்றுமையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிச் செல்வது நன்றன்று.

தலவாக்கலை நிலையத்தில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். 1968இல் தமிழ்நாட்டு அரசாங்கம் அவர்களுக்கென அங்கே தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இலங்கை ஏற்றியனுப்பிய கைத்திறன், இலங்கைத் தேயிலையோடு போட்டியிடும் தேயிலைக்குக் கொழுந்தெடுத்தது. இந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதினர்?

யுத்தம் 1984இல் கப்பலை நிறுத்தியது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரும் எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் உரிமை வழங்கியது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாய் வாழ்ந்தவருக்கும் அவருடைய வழித்தோன்றலுக்கும் அது பொருந்தும். பூட்டனின் பத்திரத்தைக் கேளாமல், வாழ்ந்ததையே ஆதாரமாகக் கொண்டது. இதை மன்னிப்பென்று சிலர் பேசினர். மன்னிக்கப்பட வேண்டிய குற்றத்தைச் செய்தவர் யார் என்று அவர்கள் சொல்லவில்லை.

அதே 2003 டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் தனது குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. உரிய பத்திரமின்றி வந்தவரும் அவர்தம் பிள்ளைகளும் குடியுரிமை பெறும் வழிகள் அதனால் அடைபட்டன. 1983 வன்செயலுக்குப் பின் தோணியேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்குச் சென்ற மலையகக் குடும்பங்கள் இந்தச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிகள். 2019இன் திருத்தமும் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இங்கே இந்தியர் என்று பட்டம் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள், பாட்டன் புறப்பட்ட மாவட்டங்களிலேயே, அந்நியர் பதிவேட்டில் எழுதப்பட்டனர்.