படேல் (பிரிட்டனில்)

படேல்: பிரிட்டனில் பரவலாக வழங்கும் தெற்காசியக் குடும்பப்பெயர்களுள் ஒன்று. தமிழில் பட்டேல் எனவும் எழுதுவர். குஜராத்தி பேசும் மக்களுக்குரியது. இப்பெயருடையோரில் பெரும்பாலோர் இந்துக்கள். சுன்னி முஸ்லிம்களிலும் பார்சிகளிலும் உண்டு. இப்பெயர் ஒரு மூதாதையையோ குலத்தையோ குறிப்பதன்று. ஊர்த்தலைமை என்னும் பதவியைக் குறிப்பது. எனவே ஒருவர் படேல் என்பதைக் கொண்டு அவருடைய சாதி, மதம், சொந்த ஊர் எதையும் உறுதியாகக் கூற இயலாது. பிரிட்டனில் ஆங்கிலேயர் பலர் இதை ஒரே இனத்தாரின் பெயராகக் கருதி வந்துள்ளனர்.

பெயர்க்காரணம்

மாளவத்தை ஆண்ட பரமார மன்னர்களின் 10ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளில் நிலக்கொடை பற்றிய அரசாணை யாருக்கெல்லாம் அறிவிக்கப்படுகிறது என்று சொல்லுமிடத்தில் ‘பட்டகிலர்’ என்னும் ஊர் அலுவலர் இடம்பெறுகின்றனர். குஜராத்தியில் படேல், மராத்தியில் பாட்டீல் என்னும் இரண்டும் இச்சொல்லின் வழிவந்தவை. பட்டா பெற்று நிலம் ஆண்டவன் படேல் என்று கூறுவோரும் உளர். 

படேலின் வேலை, தமிழ்நாட்டில் மணியக்காரரும் கிராம முன்சீப்பும் பார்த்த வேலையை ஒத்தது. வரி தண்டுவது, எல்லைத் தகராறு தீர்ப்பது, அரசு ஆள் ஊருக்கு வந்தால் முன்னின்று பேசுவது ஆகியன அவர் பொறுப்பு. பதவி பரம்பரையாக வந்தது. ஊர்தோறும் ஒரு படேல் குடும்பம் இருந்ததால், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே பெயரைப் பெற்றன.

கண்பி, பாட்டீதார்

இப்பெயரின் வரலாற்றில் முதன்மை பெறுவது மத்திய குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள சரோத்தர் பகுதி. இன்று இதன் ஒரு பாகம் ஆனந்த் மாவட்டமாக உள்ளது. மண்வளம் மிக்க இந்நிலத்தில் புகையிலை நன்கு விளையும். இங்குப் பயிர்த்தொழில் செய்தவர் கண்பிகள். லேவா, கட்வா, ஆஞ்சணா எனப் பல பிரிவினர் இவருள் உண்டு. லேவா இராமனின் மகன் இலவன் வழியினர், கட்வா குசன் வழியினர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. கட்வாப் பிரிவினர் ஊஞ்ஜா என்னும் ஊரிலுள்ள உமியா அம்மன் கோயிலில் நாள் குறிக்கப்பெற்று, ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறையே திருமணம் நடத்தினர். அந்த நாளைத் தவறவிட்டால் மீண்டும் பத்தாண்டு காத்திருக்க வேண்டும் என்பதால் கைக்குழந்தைகளுக்கும் மணம் முடித்தனர். சூரத், நவ்சாரிப் பக்கம் வாழும் மட்டியாப் பாட்டீதார் இமாம் ஷா என்னும் ஞானியின் சத்பந்த நெறியைப் பின்பற்றியவர். இந்து வழக்கும் இஸ்லாமிய வழக்கும் இவரிடம் கலந்திருந்தன.

கேடாவின் சில ஊர்களில் நர்வா எனப்படும் வரி முறை இருந்தது. அரசு தனித்தனி உழவனிடம் வரி கேட்காது. ஊர் முழுவதற்கும் ஒரு தொகை விதிக்கும். ஊரை முதலில் ஏற்படுத்தியவரின் வழித்தோன்றல்கள் நிலத்தைப் ‘பாட்டி’ எனப்படும் பங்குகளாகப் பிரித்து, அந்தத் தொகையைத் தமக்குள் பகிர்ந்து கட்டினர். பங்குடையவர் பாட்டீதார். பங்கில்லாதவர் கண்பியாகவே நின்றனர். பங்காளிக்குக் கிடைத்த மதிப்பைக் கண்டு மற்ற உழவரும் அப்பெயரை ஏற்கத் தொடங்கினர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குள் கண்பி என்ற பெயர் மறைந்து, அவர்கள் பாட்டீதார் என்றே பதிவாயினர்.  இச்சமூகத்தார் 2015இல் தம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கக் கோரிப் பெருங்கிளர்ச்சி நடத்தியது தனி வரலாறு.

பாட்டீதாருள்ளும் உயர்வு தாழ்வு உண்டு. நடியாத், கரம்சத், வசோ, தர்மஜ், பாத்ரண், சோஜித்ரா என்னும் ஆறு ஊராரும் தம்மை உயர்ந்தவராகக் கருதினர். இவர்கள் தமக்குக் கீழாகக் கருதிய ஊர்களில் பெண் எடுப்பர், கொடுக்க மாட்டார்கள். வரதட்சணை ஏறியது. பெண்சிசுக் கொலையும் இருந்தது. 1870இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அவ்வாறு கீழாகக் கருதப்பட்ட ஊரார் இந்த ஒருவழி மணமுறைக்கு மாற்றாகத் தமக்குள் ‘கோள்’ எனப்படும் மண வட்டங்களை வகுத்துக்கொண்டனர். குறிப்பிட்ட சில ஊர்களுக்குள் மட்டுமே கொள்வினை கொடுப்பினை, சொந்த ஊருக்குள் மணம் கூடாது என்பவை வட்டத்தின் விதிகள்.

இதன் விளைவொன்று பிரிட்டனின் பதிவேடுகளில் இன்றும் தெரிகிறது. படேல் வீட்டுப் பெண்ணைப் படேல் வீட்டில் கட்டிக்கொடுப்பதால், மணமான பின்னும் அவள் குடும்பப்பெயர் மாறுவதில்லை. மாறுவது நடுப்பெயர். குஜராத்தி வழக்கில் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என்பது வரிசை. மணமான பெண்ணுக்குத் தந்தை பெயரிருந்த இடத்தில் கணவன் பெயர் வரும். மணத்தால் பெண்ணின் கடைசிப் பெயர் மாறும், நடுப்பெயர் அப்படியே நிற்கும் என்று பழகிய ஆங்கில எழுத்தருக்கு இது தலைகீழாகப்பட்டதில் வியப்பில்லை. சமூகத்துக்குள்ளேயோ பெயரைக் கேட்பதோடு நிற்பதில்லை. ‘எந்த ஊர்?’ என்பதே அடுத்த கேள்வி. விடை தெரிந்தால் கோள் தெரியும், கோள் தெரிந்தால் உறவு பேசலாமா என்பதும் தெரியும். இலண்டனில் தர்மஜ், கரம்சத் போன்ற ஊர்களின் பெயரால் தனித்தனிச் சங்கங்கள் இயங்குவதற்குக் காரணமும் இதுவே.

பாட்டீதார் எல்லாரும் படேல் என்று எழுதுவதில்லை. அமீன், தேசாய் என்னும் பதவிப்பெயர் கொண்டோரும் உளர். கட்ச் பகுதியின் லேவா படேல்கள் ஹிராணி, ஹாலாய், வேகரியா, பிண்டோரியா, புடியா முதலிய கிளைப்பெயர்களையே வைத்துள்ளனர். இலண்டனின் ஹாரோ, கென்டன் வட்டாரங்களில் இவர்கள் மிகுதியாக வாழ்ந்தும், பெயர்ப்பட்டியலில் படேல் கணக்கில் சேர்வதில்லை.

முஸ்லிம் படேல்கள்

பரூச் மாவட்டத்து ஊர்களில் வாழும் சுன்னி வோரா முஸ்லிம்களிடையே படேல் மிகச் சாதாரணமான பெயர். காங்கிரஸ் தலைவர் அகமது படேல், இக்கர் ஊரைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் முனாஃப் படேல் ஆகியோர் இவ்வட்டாரத்தினர். பார்சிப் படேல்களும் உளர், எண்ணிக்கையில் சிறியவர்.

பிரிட்டனுக்கு வருகை

கடல் கடந்த தொடக்கக்காலப் படேல்களில் இருவரைப் பற்றி நன்கறிவோம். போர்சத்தில் வழக்குரைத்துவந்த வல்லபாய் படேல், பாரிஸ்டர் படிப்புக்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து 1905இல் இலண்டன் செல்லப் பயணச்சீட்டுக்கு எழுதினார். சீட்டு ‘வி. ஜே. படேல், வழக்கறிஞர்’ என்ற முகவரிக்கு வந்தது. அதே ஊரில் அதே தொழில் செய்துவந்த அண்ணன் விட்டல்பாய் ஜவேர்பாய் படேலும் வி. ஜே. படேலே. தபால் அண்ணன் கைக்குப் போயிற்று. மூத்தவன் இருக்க இளையவன் போவது முறையன்று என்று அவர் சொல்ல, தம்பி விட்டுக்கொடுத்தார். விட்டல்பாய் இலண்டனில் சட்டம் பயின்று 1908இல் திரும்பினார். வல்லபாய்க்கு 1910இல்தான் கப்பல் வாய்த்தது. மிடில் டெம்பிள் சட்டச் சங்கத்தில் பயின்று 1913இல் நாடு திரும்பினார். ஒரே பெயரும் ஒரே முதலெழுத்துமாகப் பலர் இருப்பதன் தொல்லையைப் பிற்காலத்தில் பிரிட்டனின் வங்கிகளும் மருத்துவமனைகளும் கண்டன; பின்னாளில் இந்தியாவின் முதல் உள்துறை அமைச்சரான வல்லபாயின் வீட்டிலேயே அது நேர்ந்திருக்கிறது.

பெருந்தொகையினர் குஜராத்திலிருந்து நேரே வரவில்லை. ஆப்பிரிக்கா வழியாக வந்தனர். விக்கிரம ஆண்டு 1956இல் நேர்ந்ததால் ‘சப்பனியோ’ (ஐம்பத்தாறாம் ஆண்டினது) எனப்படும் 1899–1900 பஞ்சமும், அதையொட்டிப் பரவிய பிளேக்கும் சரோத்தரைக் குலைத்தன. அப்போதுதான் கிழக்கு ஆப்பிரிக்காவில் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு இருப்புப்பாதை போடப்பட்டுக்கொண்டிருந்தது. 1896இல் தொடங்கிய பணி 1901இல் ஏரியைத் தொட்டது. அதில் உழைத்த ஏறத்தாழ 32,000 கூலியாட்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர், படேல்கள் அல்லர். படேல்கள் அடுத்து வந்தனர். எழுதப்படிக்கத் தெரிந்தவர் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராயினர். ஏனையோர் பாதையோரத்திலும் உள்நாட்டிலும் கடை வைத்தனர். உகாண்டாவில் பருத்தி அரைவை ஆலைகளும் நடத்தினர். குடியேற்ற அலுவலரின் படிவம் குடும்பப்பெயர் கேட்டபோது, ஊரில் தன் பெயரும் தந்தை பெயருமே போதுமென்றிருந்த பலர் படேல் என்று எழுதினர்.

கென்யா 1963இல் விடுதலை பெற்றபின், வேலையும் வணிக உரிமமும் குடிமக்களுக்கே என்ற கொள்கை வலுத்தது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்த ஆசியர் 1967இலிருந்து விமானம் ஏறினர். பிரிட்டன் 1968இல் மூன்றே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, கடவுச்சீட்டு இருந்தாலும் பிரிட்டனில் பெற்றோரோ பாட்டனாரோ பிறந்திராதவர் தாராளமாக நுழைய முடியாமல் செய்தது. 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் இடி அமீன் ஆசியர் 90 நாளில் வெளியேற ஆணையிட்டார். ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டன் வந்தனர். கைவிடப்பட்ட விமானப்படைத் தளங்களிலும் இராணுவ முகாம்களிலும் தங்கவைக்கப்பட்டனர். லெஸ்டர் நகராட்சி ‘உகாண்டா ஆர்கஸ்’ நாளிதழில் விளம்பரம் கொடுத்து, தம் நகரில் வீடும் பள்ளியும் நிரம்பிவிட்டன, இங்கு வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் லெஸ்டர் என்றொரு ஊர் இருப்பதே பலருக்குத் தெரிந்தது என்று பின்னாளில் சொல்லப்படுவதுண்டு.

பரூச் முஸ்லிம்களின் வரலாறு வேறு. இவர்களில் பலர் 1950களின் பிற்பகுதியிலிருந்து குஜராத்தினின்றும் நேரே வந்து, லங்காஷயர், யார்க்‌ஷயர் துணியாலைகளில் இரவு முறைகளில் வேலை செய்தனர். ஆலைகள் மூடியபின்னும் அங்கேயே தங்கினர்.

தொழில்

செய்தித்தாள், சிகரெட், பால், மிட்டாய் விற்கும் தெருமுனைக் கடையோடு படேல் என்ற பெயரைச் சேர்த்துப் பேசுவது 1970களில் தொடங்கியது. வயதான ஆங்கிலேய முதலாளிகள் விற்க முன்வந்த கடைகள் மலிவாகக் கிடைத்தன. கடைக்கு மேலேயே வீடு. விடியுமுன் நாளிதழ் கட்டுகளைப் பிரித்து, வீட்டு எண்ணைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து, விநியோகிக்கும் சிறுவருக்கு அடுக்கி வைப்பதிலிருந்து இரவு கதவடைக்கும் வரை குடும்பமே நின்றது. சம்பளத்துக்கு ஆள் வேண்டியதில்லை. 1994இல் பெரிய கடைகளும் ஞாயிற்றுக்கிழமை திறக்கச் சட்டம் இடங்கொடுத்ததும் இவ்வணிகம் தளர்ந்தது. பிள்ளைகள் மருந்தாளுநர், மருத்துவர், கணக்காயர் ஆனார்கள். கேம்பிரிட்ஜ்‌ஷயரின் சாட்ரி ஊரில் பெற்றோர் நடத்திய கடையின் நாளிதழ்களைச் சிறுவயதில் வீடுவீடாகப் போட்ட நடிகர் ஹிமேஷ் படேல், பின்னர் ‘ஈஸ்ட் எண்டர்ஸ்’ தொடரில் பாகிஸ்தானிய முஸ்லிம் இளைஞராக 9 ஆண்டுகள் நடித்தார்.

பரவல்

இலண்டனில் பிரென்ட், ஹாரோ வட்டாரங்கள் முதன்மையானவை. குறிப்பாக வெம்பிளி, கிங்ஸ்பரி, கென்டன். பிரென்ட்டின் நீஸ்டனில் 1995இல் திறக்கப்பட்ட சுவாமிநாராயண் கோயில், சரோத்தரின் போசாசணில் 1907இல் தோன்றிய கிளையைச் சேர்ந்தது. தெற்கே குரோய்டனிலும் உளர். மத்தியப் பகுதியில் லெஸ்டர், அதன் பெல்கிரேவ், ரஷி மீட் பகுதிகள். வடமேற்கில் பிளாக்பர்ன், பிரெஸ்டன், போல்டன், யார்க்‌ஷயரில் பேட்லி, டியூஸ்பரி, தென்மேற்கில் குளோஸ்டர். இப்பட்டியலின் பிற்பாதியில் வரும் ஊர்களில் முஸ்லிம் படேல்கள் மிகுதி. போல்டனில் இரு மதத்தாரும் உளர்.

பெயரைக் கொண்டு தெற்காசியரை இனங்காண, பிராட்ஃபோர்டு சுகாதாரத் துறையினர் ‘நாம் பெஹ்சான்’ என்னும் கணினி நிரலை உருவாக்கினர். அத்தகைய நிரல் எதுவாயினும், படேல் என்ற பெயரை மட்டும் கொண்டு இந்து, முஸ்லிம் எனப் பிரிக்க முடியாது. முதற்பெயரையும் பார்த்தாக வேண்டும்.

பிரபுக்கள் அவையே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1999இல் பிரபுவான மகப்பேறு மருத்துவர் நரேந்திர படேல் தான்சானியாவில் பிறந்து, ஸ்காட்லாந்தின் டண்டீயில் பணியாற்றியவர். அவர் வெறும் ‘படேல் பிரபு’. அடுத்த ஆண்டு வந்த ஆதம் படேல் குஜராத்தில் பிறந்த முஸ்லிம். பெயர் மோதாமலிருக்க ‘பிளாக்பர்ன் படேல் பிரபு’ ஆனார். 2006இல் நைரோபியில் பிறந்த கமலேஷ் படேல் வந்தபோது ‘பிராட்ஃபோர்டு படேல் பிரபு’ என்று பெயர் கொடுக்க நேர்ந்தது. எந்த ஊர்ப் படேல் என்று கேட்கும் சரோத்தர் வழக்கத்தை மேலவையும் கைக்கொண்டது எனலாம்.

பிறர்

அரசியலில் பிரீத்தி படேல் (2019–2022 உள்துறை அமைச்சர், பெற்றோர் உகாண்டாவிலிருந்து 1960களில் வந்து செய்தித்தாள் கடைகள் நடத்தியவர்கள்), திரைப்படத்தில் ஹாரோவில் பிறந்த தேவ் படேல், கிரிக்கெட்டில் மின் படேல், சமித் படேல்.

இன்றைய நிலை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குஜராத்தியைத் தம் முதன்மை மொழியாகக் குறித்தோர் 2011இல் ஏறத்தாழ 2,13,000. 2021இல் ஏறத்தாழ 1,89,000. பிள்ளைகள் ஆங்கிலமே பேசுகின்றனர். மண வட்டங்கள் நெகிழ்ந்துள்ளன. வேறு பெயருடையோரை மணந்த படேல் பெண்களில் சிலர் பிறந்த வீட்டுப் பெயரையே தொடர்ந்து வழங்குகின்றனர்.