கத்தி ஓய்ந்த பிறகு வந்த ரோபோ: சிறுநீரகக் கல் சிகிச்சையில் எந்திரக் கையின் வரலாறு

டாவின்சி அறுவை ரோபோவுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2000ஆம் ஆண்டு அனுமதி அளித்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அந்நாட்டின் புராஸ்டேட் புற்றுநோய் அறுவைகளில் பெரும்பாலானவை அதன் கைக்கு மாறிவிட்டன. சிறுநீரகக் கட்டி அறுவையிலும் அது காலூன்றியது. ஆனால் அதே சிறுநீரகத்தில் கிடக்கும் கல்லை எடுப்பதில் அதற்கு ஓரமான இடமே கிடைத்தது. ஒரே மருத்துவத் துறை, ஒரே உறுப்பு. பிறகு ஏன் இந்த வேறுபாடு? ரோபோ வருவதற்கு முன்பே கல் சிகிச்சையில் கத்தியின் காலம் முடிந்துவிட்டது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் விடை. பெரிய வெட்டைச் சிறு துளைகளாகச் சுருக்குவதுதான் டாவின்சியின் பலம். கல்லைப் பொறுத்தவரை சுருக்குவதற்கு அங்கே வெட்டே மிச்சமில்லை. எனவே ரோபோ இங்கே வேறு வேலை தேட வேண்டியிருந்தது. அது தேடிக் கண்டடைந்த வேலை, மருத்துவரின் குறியும் மருத்துவரின் களைப்பும் சார்ந்தது.

கத்தி எப்படி ஓய்ந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சுசுருத சம்ஹிதை விவரிக்கும் கல் அறுவை சிறுநீர்ப்பைக் கல்லுக்கானது. 1658இல் லண்டனில் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் உயிர் பிழைத்த அறுவையும் அதுவே. சிறுநீரகத்தைத் தொட மருத்துவர்களுக்குத் துணிவு வரவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆனது. ஒரு சிறுநீரகத்தை அகற்றினாலும் நோயாளி வாழ முடியும் என்பதை 1869இல் ஹைடல்பர்க்கில் குஸ்தாவ் சைமன் மெய்ப்பித்தார். 1880இல் லண்டனில் ஹென்றி மோரிஸ், மற்றபடி கெடாமல் இருந்த ஒரு சிறுநீரகத்தைத் திறந்து கல்லை மட்டும் எடுத்தார். விலாவோரம் நீண்ட வெட்டு, வாரக்கணக்கில் படுக்கை என்ற நிலை அதன்பின் ஏறத்தாழ நூறாண்டு நீடித்தது.

1976இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும், முதுகுப்புறமாகத் துளையிட்டு அதன் வழியே கல்லை எடுத்த முறையை வெளியிட்டார்கள். இன்று பி.சி.என்.எல். என்று மருத்துவமனைகளில் சொல்லப்படுவது அதன் வாரிசு. 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் கிறிஸ்டியன் ஷாஸியின் குழு, உடலுக்கு வெளியிலிருந்தே அதிர்வலையைச் செலுத்திக் கல்லை உடைத்தது. அந்தக் கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம். மோரிஸின் கத்திக்கும் இந்த அலைக்கும் இடையே சரியாக நூறு ஆண்டு. 1990களில் யூரிட்டரோஸ்கோப் என்ற வளையும் நோக்குக்குழாயும் ஹோல்மியம் லேசரும் கைகோத்தபோது, சிறுநீர் வெளிவரும் வழியாகவே உள்ளே ஏறிக் கல்லைப் பொடியாக்குவது நடைமுறைக்கு வந்தது. உடலில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் கத்தி விட்டுச்சென்ற இடத்தில் இரண்டு சிரமங்கள் புதிதாக முளைத்தன. ரோபோவின் வரலாறும் அவற்றுக்கேற்ப இரண்டு கிளையாகப் பிரிகிறது.

முதல் சிரமம் ஊசி. பி.சி.என்.எல்.லில் முதுகுத் தோலிலிருந்து, சிறுநீரகத்தினுள் சிறுநீர் சேரும் கிண்ணங்களில் குறிப்பிட்ட ஒன்றுக்குள் ஊசியை இறக்க வேண்டும். மருத்துவர் பார்ப்பதோ எக்ஸ்ரே திரையின் தட்டையான படம், ஆழம் தெரியாது. நோயாளி மூச்சுவிடும்போதெல்லாம் சிறுநீரகம் மேலும் கீழும் போய்வருகிறது. குறி தவறினால் இரத்தக்குழாய் கிழியலாம், நுரையீரல் உறையில் ஓட்டை விழலாம். போதாக்குறைக்கு மருத்துவரின் கை எக்ஸ்ரே கதிர்களுக்கு நடுவே நிற்கிறது.

இதற்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர்கள் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர்: லூயி கவுசியும் டான் ஸ்டோயனோவிச்சியும். 1990களின் இரண்டாம் பாதியில் அவர்கள் செய்த கருவியின் பெயர் பேக்கி. எக்ஸ்ரே ஊடுருவும் பொருளாலான ஒரு பிடி ஊசியைத் தாங்கும்; மோட்டார் அதை உள்ளே தள்ளும். ஊசியை அதன் நேர்க்கோட்டிலேயே பார்த்தால் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி குறிவைத்த கிண்ணத்தின் மேல் விழும்படி கோணத்தைப் பூட்டிவிட்டு, பிறகு ஆழத்தை மட்டும் கவனித்தால் போதும். பின்னர் கோணத்தையும் எந்திரமே மாற்றும் பகுதி சேர்க்கப்பட்டது. 1998இல் பால்டிமோரில் இருந்தபடியே ரோமில் இருந்த நோயாளிக்கு இந்தக் கருவியால் ஊசி செலுத்திக் காட்டினார்கள்.

இந்தக் கிளையில் எனக்கு மதிப்பு மிகுவது அந்தத் தொலைதூர நிகழ்ச்சி மீதல்ல, 2002இல் அதே குழு வெளியிட்ட ஒப்பீட்டின் மீது. ரோபோவால் ஊசி இறக்கிய 23 நோயாளிகளையும் கையால் இறக்கியவர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். துல்லியம், நேரம், இரத்த இழப்பு எதிலும் பெரிய வேறுபாடு இல்லை என்பதை மறைக்காமல் எழுதினார்கள். தாங்கள் பெற்ற பிள்ளையைத் தாங்களே எடைபோட்டுச் சொன்ன நேர்மை அது. 2005இல் வெளியான இன்னொரு சோதனையில் லண்டனின் கைஸ் மருத்துவமனையும் பால்டிமோரும் இணைந்தன. சிறுநீரக மாதிரி ஒன்றில் 304 ஊசிகள். பாதி கையால், பாதி ரோபோவால். ரோபோ மெதுவாக இயங்கியது, ஆனால் முதல் முயற்சியில் குறி அதிகம் தவறவில்லை. தேர்ந்த கையோடு ஒப்பிட்டால் ஆதாயம் சிறிது. தேராத கைக்கு அது பெரிதாக இருக்கக்கூடும்.

இதற்கிடையே டாவின்சியும் கல்லை முயன்று பார்த்தது. டெட்ராய்டில் ரோபோ புராஸ்டேட் அறுவையை வளர்த்தெடுத்த மணி மேனனின் மையம் 2006இல் 13 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டது. சிறுநீரகத்தின் புனல் போன்ற பகுதியைத் திறந்து மான்கொம்பு வடிவக் கற்களை எடுத்தார்கள். முடியாததல்ல, ஆனால் ஒற்றைத் துளையில் முடிகிற வேலைக்கு வயிற்றில் பல துளைகள் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் எளிதாகக் கிடைக்கவில்லை. சிறுநீர்க்குழாயின் தொடக்கத்தில் அடைப்பும் இருந்து, அதைச் சீராக்கும்போதே கல்லையும் எடுக்க வேண்டிய நோயாளிகளுக்கு இன்றும் அந்த வழி பொருத்தமானது.

இரண்டாவது சிரமம் மருத்துவரின் உடல். யூரிட்டரோஸ்கோப் சிகிச்சையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கனத்த ஈய அங்கியைத் தோளில் சுமந்து மருத்துவர் நிற்கிறார். ஒரு கையின் கட்டைவிரல் நெம்புகோலை அழுத்திக் குழாயின் நுனியை வளைக்கிறது. மணிக்கட்டு திரும்பி நுனியைச் சுழற்றுகிறது. மறுகை குழாயை மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்துகிறது. கால் லேசர் மிதியில். கீழ்க் கிண்ணத்தில் கல் ஒளிந்திருந்தால் விரலை முழுக்க அழுத்திய நிலையிலேயே பல நிமிடம் பிடிக்க வேண்டும். கல் பெரிதானால் இது ஒரு மணி நேரத்தையும் தாண்டும். கை நடுங்கினால் லேசர் கல்லை விட்டுச் சிறுநீரகச் சுவரைத் தொடும். நோயாளியின் நலன் இங்கே ஒரு கட்டைவிரலின் தெம்பில் தொங்குகிறது என்பது மிகைச் சொல் அல்ல.

இந்தக் கையை விடுவிக்க நடந்த முதல் முயற்சி இரவல் கருவியில் நடந்தது. டாவின்சியைச் செய்த இன்ட்யூட்டிவ் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஃபிரெட் மோல், பின்னர் ஹேன்சன் மெடிக்கலைத் தொடங்கினார். இதயத்துக்குள் குழாய் செலுத்த அந்நிறுவனம் செய்த சென்சி ரோபோவை மிஹிர் தேசாயின் குழு சிறுநீரகத்துக்குத் திருப்பியது. 18 நோயாளிகளிடம் பெற்ற அனுபவம் 2011இல் வெளிவந்தது. அந்த அறிக்கையின் ஆசிரியர்களில் குஜராத்தின் நடியாட் சிறுநீரகவியல் மருத்துவமனையைச் சேர்ந்த மகேஷ் தேசாயும் உண்டு. கற்கள் உடைந்தன. ஆனால் அதன் வெளியுறை 14 பிரெஞ்சு அளவு, ஏறக்குறைய 4.7 மில்லிமீட்டர். இயல்பான சிறுநீர்க்குழாய்க்கு அது தடிமன். இதயத்துக்காகப் பிறந்த கருவி சிறுநீரகத்தில் நிலைக்கவில்லை.

சிறுநீரகத்துக்கென்றே பிறந்தது துருக்கியின் ரோபோஃப்ளெக்ஸ் அவிசென்னா. அங்காராவில் எல்மெட் நிறுவனம் செய்தது. இடைக்கால மருத்துவர் இப்னு சீனாவின் லத்தீன் பெயரைத் தாங்கியது. அதன் வடிவமைப்பில் ஓர் அடக்கம் உண்டு. புதிய குழாய் எதையும் அது கண்டுபிடிக்கவில்லை. மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கும் யூரிட்டரோஸ்கோப்பைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறது. மருத்துவர் ஈய அங்கியைக் கழற்றிவிட்டு, கதிர்களுக்கு அப்பால் உட்கார்ந்து பிடிகளைத் திருப்புகிறார். அவர் கையின் பெரிய அசைவை எந்திரம் சிறிதாக்கித் தருகிறது. கையை எடுத்தாலும் நுனி வளைந்தபடியே நிற்கிறது. 81 நோயாளிகளின் முடிவுகளை ரெம்ஸி சாலமும் யென்ஸ் ராஸ்வைலரும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்டார்கள். குழாயை முதலில் உள்ளே ஏற்றுவது மட்டும் மனிதக் கையிடமே இருந்தது. சுவரில் இடிக்கும்போது எழும் எதிர்ப்பை எந்திரம் விரலுக்குச் சொல்வதில்லை. அந்தக் குறையை அப்போதே விவாதித்தார்கள்.

தென்கொரியாவில் கைஸ்ட் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த ரோயன் சர்ஜிக்கல், மூச்சோடு நகரும் கல்லுக்கேற்பக் குழாயையும் நகர்த்தும் வசதியைச் சேர்த்தது. அமெரிக்காவில் மோலின் அடுத்த நிறுவனமான ஆரிஸ் உருவாக்கிய மோனார்க், 2022இல் சிறுநீரகவியலுக்கு அனுமதி பெற்றது. அதில் இரண்டு கிளையும் ஒன்றாகின்றன: கீழிருந்து ஏறிய குழாயின் நுனி மின்காந்த முறையில் தன் இடத்தைத் தெரிவிக்க, முதுகிலிருந்து வரும் ஊசி அதை நோக்கிச் செல்கிறது.

மருத்துவரின் களைப்பு குறைகிறது, கதிர்வீச்சு குறைகிறது என்பவற்றை ஏற்கலாம். ஆனால் கையால் செய்வதைவிட ரோபோ செய்தால் அதிகம் பேர் கல்லின்றி வீடு திரும்புகிறார்கள் என்று காட்டும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இன்னும் வரவில்லை. உள்ளே தங்கிவிடும் துணுக்கே மறுபடி கல்லாக வளர்வதால், நோயாளிக்கு முதன்மையான கேள்வி அதுதான். அண்மை ஆண்டுகளில் சீனாவிலிருந்து பரவிய, நுனி வளைந்து கல்தூளை உறிஞ்சி எடுக்கும் உறைக்குழாய்கள் இந்தத் துணுக்குகளையே குறிவைக்கின்றன. ரோபோவின் விலையோடு பார்த்தால் அவற்றின் விலை அற்பம். இனி வரும் ஆய்வுகள் ரோபோவை வெறுங்கையோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்தாமல், இந்த உறையைப் பிடித்த கையோடும் ஒப்பிட வேண்டும்.