பாதி மாணவி, பாதி ஊழியர்

நர்ஸிங் பள்ளிகளின் வரலாறு என்று கையில் கிடைப்பவற்றில் கட்டடம் இருக்கும், அடிக்கல் நாட்டியவர் பெயர் இருக்கும், மேட்ரன்களின் படம் வரிசையாக இருக்கும். அங்கே படித்த பெண் காலையில் எப்போது எழுந்தாள், வார்டில் அவள் கை என்ன செய்தது, லீவு கிடைத்தால் எங்கே போனாள் என்பது இருக்காது. வேலைக்காலம் முழுவதையும் நர்ஸிங் டியூட்டராகக் கழித்தவள் நான். அந்த விட்டுப்போன பக்கத்தை எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. இந்தப் படிப்பின் வரலாறே அந்தப் பெண்ணின் ஒரு நாள் எப்படிப் பங்கு போடப்பட்டது என்பதில்தான் இருக்கிறது. பாதி நாள் அவள் மாணவி. மீதி நாள் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத ஊழியர்.

இந்தப் பங்கீடு லண்டனில் வடிவம் பெற்றது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் திரண்ட நிதியைக் கொண்டு 1860-ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். முதல் அணியில் 15 பெண்கள். ஒரு வருஷப் பயிற்சி. தங்குமிடம், சாப்பாடு, சீருடை போகக் கைச்செலவுக்கு வருஷத்துக்கு 10 பவுண்டு. மேட்ரன் திருமதி வார்ட்ரோப்பர் மாதாமாதம் ஒவ்வொருத்தியைப் பற்றியும் ஒரு தாள் நிரப்புவார். புண் கட்டுவது, படுக்கை போடுவது எப்படி என்பதோடு, நேரம் தவறாமை, அமைதி, நம்பகம், உடைச் சுத்தம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. பெண்கள் நாட்குறிப்பும் எழுத வேண்டும். அந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆஸ்பத்திரி வேலை என்றாலே முகம் சுளித்த காலத்தில் ஒரு தொழிலுக்கு மானம் தேடித்தந்தது அதுதான். ஆனால் பாடம் கேட்டது கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் வார்டு வேலை. அந்த ஏற்பாடும் கண்டிப்போடு சேர்ந்தே கப்பலேறி வந்தது.

சென்னையில் அதற்கு முன்பே 1854-ல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி தந்திருந்தது. 1871-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் நர்ஸிங் பள்ளி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் நாலே பேர். நம் வீடுகளிலிருந்து பெண்களை அனுப்ப யாருக்கும் துணிவில்லை. அந்நிய ஆணின் உடம்பைத் தொட வேண்டும், எந்தச் சாதிக்காரர் ரத்தமும் மலமும் கையில் படும், ராத்திரி வெளியே தங்க வேண்டும். இந்த மூன்றையும் தாண்டி வந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களும்தான்.

வேலூரில் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் சிறிய அளவில் வைத்தியம் பார்க்கத் தொடங்கியபோது பயிற்சி பெற்ற நர்ஸ் யாரும் கூட இல்லை. உதவிக்கு நின்றவர் வீட்டில் வேலை செய்த சலோமி. 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் நினைவு மருத்துவமனை எழுந்தது. தேவையான நர்ஸ்களை எங்கிருந்தும் வரவழைக்க முடியாது, இங்கேயே உருவாக்க வேண்டும் என்று 1909-ல் நர்ஸிங் பள்ளி வந்தது. அங்கே மருத்துவப் பள்ளி 1918-ல்தான். டாக்டர் படிப்புக்கு ஒன்பது வருஷம் மூத்தது நர்ஸ் படிப்பு என்பதை வேலூரில் படித்தவர்களிடம் சொன்னால்கூட ஆச்சரியப்படுகிறார்கள். 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் நர்ஸிங் பட்டப்படிப்பு தொடங்கியது.

அதே வருஷம்தான் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியின் அறிக்கையும் வந்தது. சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு நாடு முழுவதும் ஏறக்குறைய 7,000 நர்ஸ்கள் என்று கணக்குக் காட்டியது. 43,000 பேருக்கு ஒருவர்! அந்த எண்ணிக்கையில் ஆஸ்பத்திரிகள் ஓடியதற்குக் காரணம் மாணவிகள். ஒரு பள்ளி நடத்தினால் அதன் மூன்று வருஷத்து மாணவிகளைக் கொண்டே வார்டுகளை ஓட்டிவிடலாம். 1923-லேயே அமெரிக்காவில் கோல்ட்மார்க் அறிக்கை இதைச் சுட்டிக்காட்டியது: ஆஸ்பத்திரியின் தேவை படிப்பை விழுங்குகிறது என்று. அங்கே சொன்னது இங்கே வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

நான் படித்தது எழுபதுகளின் தொடக்கத்தில், தென் மாவட்டத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில். விடியுமுன் மணி அடிக்கும். நீலச் சேலை, வெள்ளை ஏப்ரன், கஞ்சி போட்ட தொப்பி. தொப்பியை ஈரத்தோடு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்போம். உரித்தெடுத்தால் இஸ்திரி போட்டது மாதிரி நிற்கும். ஜெபம் முடித்து ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். நைட் நர்ஸிடம் ரிப்போர்ட் கேட்டு, படுக்கை மாற்றி, உடம்பு துடைத்து, பெட்பேன் வைத்து எடுத்து, டெம்பரேச்சர் பார்த்து முடிக்க மதியமாகிவிடும். மதியம் வகுப்பு. மாலை மறுபடியும் வார்டு. உடற்கூறு பாடத்தில் கண் சொருகாத பெண்ணே கிடையாது. நைட் டியூட்டியில் ஒரு முழு வார்டு இரண்டாம் வருஷ மாணவியின் பொறுப்பில் விடிந்தது. அது தவறு என்று அன்றைக்கே எங்களுக்குத் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை.

ரப்பர் கையுறை வேலையைப் பற்றி எந்த வரலாற்றிலும் படித்ததில்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். ஆபரேஷன் முடிந்து வரும் கையுறைகளைச் சோப்புப் போட்டு உள்ளும் புறமும் கழுவ வேண்டும். மணிக்கட்டுப் பக்கம் முறுக்கிக் காற்றை அடைத்து, தண்ணீரில் அமுக்கிப் பார்ப்போம். எங்கே குமிழ் வருகிறதோ அங்கே ஓட்டை. ரப்பர் துண்டு வெட்டிச் சொல்யூஷன் தடவி ஒட்டி, கயிற்றில் காயவைத்து, பவுடர் தூவி, அளவு பார்த்து ஜோடி சேர்த்து, துணியில் மடித்து டிரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவுக்கு அனுப்ப வேண்டும். ஒட்டுப்போட்டதெல்லாம் வார்டு வேலைக்கு. ஓட்டையில்லாதது மட்டும் தியேட்டருக்கு. கையுறை ஒட்டும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துதான் சீனியர் அக்காமார் எங்களுக்குக் கிருமி பாடம் எடுத்தார்கள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைப்பதையும், மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டுவதையும் அப்படித்தான் கற்றோம். வகுப்பறையில் எழுதிப்போட்டதைவிட ஆழமாக அது மனசில் இறங்கியது. வேலை வாங்கிய முறையில் எனக்கு வருத்தம் உண்டு, கற்றுக்கொண்டதில் இல்லை.

கிராமப் போஸ்டிங்கில் வீட்டுப் பிரசவம் பார்க்கப் போவோம். பையைத் தரையில் வைக்குமுன் பழைய செய்தித்தாள் விரிக்க வேண்டும், பிறகு கை கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் பையைத் திறக்கலாம். “எங்க வீட்டுத் தரை அவ்வளவு அழுக்கா தாயி?” என்று கிழவிகள் கேட்பார்கள். “உங்க தரை சுத்தம் பாட்டி, எங்க பைதான் நாலு வீடு ஏறி வருது” என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அது சமாளிப்பு இல்லை, உண்மையும்கூட. பதிவேட்டில் 20 பிரசவம் பார்த்ததாக ஏறினால்தான் பரீட்சை எழுத முடியும். கேஸ் வரும் ராத்திரியில் யார் முறை என்பதற்கு ஹாஸ்டலில் சண்டையே நடக்கும்.

இப்படிப் பாடத்துக்கும் வேலைக்குமாக இழுக்கப்பட்ட பெண்களுக்கு லீவு நாள் என்பது சாதாரண விஷயமில்லை. வாரத்துக்கு ஒரு ஆஃப், அதுவும் வார்டு நிறைந்தால் போய்விடும். மாட்டினி ஷோவுக்கு வார்டனிடம் எழுதிக் கொடுத்து, கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்ப வேண்டும். இருந்தும் கொண்டாட்டத்துக்குக் குறைவில்லை. மாணவ நர்ஸ்களுக்கென்று 1929-லேயே அகில இந்தியச் சங்கம் ஏற்பட்டிருந்தது. அதன் பெயரில்தான் எங்கள் பாட்டுப் போட்டி, நாடகம், விளையாட்டு எல்லாம். நர்ஸ் தினத்தில் மேட்ரனின் நடையையும் சர்ஜனின் கோபத்தையும் அவர்கள் முன்னாலேயே நடித்துக் காட்டலாம். அன்று ஒருநாள் யாரும் தண்டிக்க மாட்டார்கள். சீசன் சமயத்தில் குற்றாலத்துக்குப் பஸ் பிடிப்பார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்கும்போது லைசாலும் ஸ்பிரிட்டும் உடம்பை விட்டுப் போவதை மூக்கு உணரும். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி மெழுகுவர்த்தி ஏந்தி வார்டு வார்டாகப் பாடிக்கொண்டு போவோம். எலும்பு முறிந்து மாதக்கணக்காகக் கிடப்பவர்கள் தூங்காமல் காத்திருப்பார்கள்.

பண்டிகை நாளிலும் வார்டு மூடுவதில்லை. அதற்கு ஹாஸ்டலில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த விதிப்புத்தகத்திலும் அதைப் பார்க்க முடியாது. கிறிஸ்துமஸ் டியூட்டியை இந்துப் பெண்கள் எடுத்துக்கொள்வார்கள், பொங்கலுக்குக் கிறிஸ்தவப் பெண்கள் நிற்பார்கள். ரம்ஜானுக்கு முஸ்லிம் தோழிக்கு, ஓணத்துக்கு மலையாளப் பெண்களுக்கு மற்றவர்கள் மாற்றிக் கொடுப்பார்கள். மேட்ரன் போட்ட பட்டியலில் பென்சிலால் அடித்து எழுதி, இருவரும் கையெழுத்திட்டால் போதும். மேட்ரனும் கேட்க மாட்டார். பின்னாளில் டியூட்டரான பிறகு, டிசம்பர் பட்டியல் போடும்போது மாணவிகளை முதலில் அவர்களுக்குள் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் நான் பேனாவை எடுப்பேன். பொங்கல் டியூட்டிக்கு ஆள் இல்லை என்ற பேச்சு ஒரு வருஷமும் வந்ததில்லை.